கடைசி இருக்கை வரை

நான்கு என்கிறது நகரச் சட்டம்.
வீடொன்றுக்கு நான்கு, நாயோ பூனையோ
இரண்டும் கலந்தோ.
நான்கு மாதம் நிறையாத குட்டி கணக்கில் வராது.
ஒரு செவ்வாய் இரவு
பனிவாரும் வண்டிக்கு டயர் வாங்கும் தீர்மானத்துக்கும்
கூட்டம் கலைவதற்கும் நடுவே
கைதூக்கி நிறைவேற்றினார்கள்.
ஏன் நான்கு என்று ஒருமுறை கேட்டேன்.
ஐந்து அதிகமாகப் பட்டது என்றார் எழுத்தர்.

மார்லிஸ் ஓஸ்ட்பியின் கதவில்
மூன்று முறை நோட்டீஸ் ஒட்டினேன்.
கிழிக்கவில்லை அவள். ஒன்றன்மேல் ஒன்றாக
நாட்காட்டிபோல் தொங்கின.
நான்காம் முறை வாரண்டோடு போனோம்:
நான், ஷெரீஃப் ஆபீஸிலிருந்து ஹாக்கன்சன்,
கால்நடை மருத்துவர் இங்க்ரம்,
அம்மோனியா அளக்கும் மஞ்சள் டப்பா.
கதவு திறந்ததும் டப்பா கத்தியது.
எங்கள் கண்கள் அதற்குமுன்பே கலங்கிவிட்டன.
வெளியே மினசோட்டாவின் ஜனவரி,
மைனஸ் பத்தொன்பது.
"சீக்கிரம் சாத்துங்க, குளிர் உள்ளே வருது" என்றாள்.

பூனைகளை எண்ணுவது
கொதிக்கும் உலையில் அரிசியை எண்ணுவது.
ஹாக்கன்சனுக்கு நாற்பத்தேழு, எனக்கு ஐம்பத்திரண்டு.
துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் ஒன்று
நாங்கள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே
ஈன்றுகொண்டிருந்தது.
ஃப்ரீசரில் இருந்தவற்றை இங்க்ரம்
தனித்தாளில் எழுதினார்.
ஒவ்வொன்றும் துண்டில் சுற்றி,
துண்டின்மேல் பேனாவால் பெயர்.

முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்.
பூனைகளுக்கெல்லாம் நிறுத்தங்களின் பெயர்:
பால்பண்ணை வாசல். பாலத்துக்கு இப்புறம்.
சிவப்புத் தபால்பெட்டி.
லூத்தரன் சர்ச், அதற்கு ஒரே கண்.
என் வண்டியில் தூங்கிப்போன பிள்ளை
டிப்போவில் கண்விழித்ததாக
ஒரு நாள் உண்டா, கேட்டுப்பாருங்க, என்றாள்.
கடைசி இருக்கை வரை நடக்கணும்.
குனிஞ்சு பார்க்கணும்.
தினமும்.

சிவப்புத் தபால்பெட்டியின் தாடை அழுகியிருந்தது.
தூக்கினேன். எடையே இல்லை.
சட்டத்துக்கு இரக்கமில்லை என்று
பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர்கள்
ஒருமுறை அதைத் தூக்கிப் பார்த்திருக்கலாம்.
படிவத்தில் 'காரணம்' என்றொரு கட்டம்.
காலியாக விட்டுக் கொடுத்தேன்.
மேலதிகாரி 'அலட்சியம்' என்று நிரப்பினார்.

பெட்டிகளில் அடைத்தபோது ஐம்பத்தாறு.
தலைக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு டாலர்
பராமரிப்புப் பிணைத்தொகை;
பத்து நாளில் கட்டத் தவறினால் உரிமை நகரத்துக்கு.
கோர்ட்டில் அவள் உதடுகள் அசைந்தன.
அறுநூற்று எழுபத்திரண்டு, என்றாள் சத்தமாக,
பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளைபோல.

எங்கள் காப்பகத்தில் முப்பது கூண்டு.
உரிமம் பெற்ற காப்பகங்களுக்கு
இவ்வரம்பு பொருந்தாது, அடுத்த வரியே சொல்கிறது.
முதல் வாரம் பத்தொன்பது ஊசி போட்டார் இங்க்ரம்.
சாப்பிடப் போகவில்லை,
காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.
அந்தப் பத்தொன்பதுக்கு வழக்கு எண் கிடையாது.

இரண்டு வைத்துக்கொள்ளலாம் என்றார்
நீதிபதி கோலாஸ். கருத்தடை செய்து,
ஐந்து வருஷம் முன்னறிவிப்பில்லாச் சோதனையோடு.
எந்த இரண்டு என்று கேட்டோம்.
ரெண்டு பேரை மட்டும் கூப்பிட்டா
மத்தவங்களுக்குக் கேட்டுடும், என்றாள்.
லூத்தரனை நான்தான் எடுத்துப்போய்க் கொடுத்தேன்.
இன்னோர் இடம் இன்றும் காலி.
மாதம் ஒருமுறை போய்
ஒன்று என்று எழுதிவிட்டு வருகிறேன்.

ஆனால் எனக்கு நினைவிருப்பது அந்த மாலை.
கடைசிப் பெட்டியும் ஏறியாயிற்று.
என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.
வீட்டுச் செருப்போடு பனியில் இறங்கி வந்து
வண்டியின் பின்னால் ஏறினாள்.
ஹாக்கன்சன் என்னைப் பார்த்தார்.
நான் கையேட்டைப் புரட்டவில்லை.
பெட்டிகளுக்கு நடுவே மெல்ல நடந்தாள்.
இடது பக்கம் குனிந்தாள். வலது பக்கம் குனிந்தாள்.
கடைசி வரை.
திரும்பி வந்து, இறங்கி,
கதவுத் தகட்டை இரண்டு தட்டுத் தட்டி
"சரி, எடுங்க" என்றாள்.

எடுத்தேன்.